சதப் பங்கும் நச்சுக் கடனும்

பங்கு என்னும் சொல் தமிழில் இரு முகங்கள் கொண்டது. சொத்து ஒன்றில் ஒருவர் உரிமையோடு அனுபவிக்கும் பாகத்தை அது குறிக்கின்றது. அப்பாகத்தை உடையவன் பங்காளி எனப்படுகின்றான். ஆயினும் பங்காளி என்ற சொல்லைக் கேட்டவுடன் உறவின் நினைவோடு வழக்கின் நினைவும் உடன்வருதல் தமிழ் மரபறிந்தார் யாவரும் அறிந்ததே. பாட்டன் காலத்தில் ஒருவருக்கே உரியதாயிருந்த காணி, பேரன் காலத்திற் பதினாறு பேருக்கு உரியதாகி, 'பதினாறில் ஒரு பங்கு' என உறுதியில் எழுதப்படும்பொழுது காணி குறைவதில்லை, பங்கே குறைகின்றது. பொதுமக்களிடம் பங்கு விற்கும் கம்பனியிலும் இவ்வாறு நிகழக்கூடும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. காணி துண்டாடப்படுவதைப் பங்காளி அறிவான். கம்பனி துண்டாடப்படுவதைப் பங்குதாரன் பெரும்பாலும் அறியான். அவன் கண்ணுக்குத் தெரிவது விலையின் வீழ்ச்சி ஒன்றே. அவ்வீழ்ச்சிக்கு அவன் தேடிக் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்று. உண்மையிற் பல சமயங்களில் அதற்குள்ள காரணம் மற்றொன்று.

இந்நிலையைத் தெளிவாகக் காட்டும் களம் ஐக்கிய அமெரிக்காவின் சதப் பங்குச் சந்தையாகும். 'பென்னி பங்குகள்' என அங்கு வழங்கப்படுவன டொலரின் சிறு பகுதிக்கு, சிலபோது ஒரு சதத்தின் நூறிலொரு பகுதிக்குங்கூட, கைமாறுவன. 5 டொலரிலும் குறைந்த விலையுடையனவும் பெரிய பங்குச் சந்தைகளிற் பதிவு பெறாதனவுமான பங்குகளை அந்நாட்டு விதிகள் பொதுவாக இவ்வகுப்பில் அடக்குகின்றன. முற்காலத்தில் இவற்றின் விலைப்பட்டியல் இளஞ்சிவப்புத் தாளில் அச்சாகித் தரகர்களுக்கு அனுப்பப்பட்டது. அதனாலேயே 'பிங்க் ஷீற்ஸ்' என்ற பெயர் இச்சந்தைக்கு வழங்கலாயிற்று. தாள் மறைந்து மின்திரை வந்த பின்னரும் அப்பெயர் நெடுங்காலம் நின்று நிலவியது. இச்சந்தையிற் புதிதாய்த் தோன்றிய சுரங்கத் தொழில்கள், மருந்தாய்வுக் கம்பனிகள், கண்டுபிடிப்பொன்றைக் கையில் வைத்துக்கொண்டு முதலுக்கு அலையும் சிறு தொழிலகங்கள் ஆகியனவும் உள. பெயர்ப்பலகையன்றி வேறெதுவும் இல்லாத வெற்றுக் கூடுகளும் உள. இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

வெற்றுக் கூடுகளின் தொகை சிறிதன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்றாகும். 2012 மே மாதத்தில் அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒரே நாளில் 379 கம்பனிகளின் பங்கு வணிகத்தை நிறுத்திவைத்தது. அவை யாவும் தொழிலின்றி உறங்கிக் கிடந்தவை. மோசடிக்காரர் கைக்குப் போகக்கூடும் என அஞ்சப்பட்டவை. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று என்பதை ஈராண்டின் பின் வேறொரு கம்பனி காட்டிற்று. பெலீஸ் நாட்டில் அலுவலகம் கொண்டதாகச் சொல்லப்பட்ட 'சின்க் டெக்னோலொஜி' என்னும் அக்கம்பனிக்கு வருமானம் இல்லை; ஊழியர் ஒருவரே. 2014 யூன் மாதத்தில் ஏறத்தாழ 6 சதத்துக்கு விலைபோன அதன் பங்கு, சில வாரங்களில் 20 டொலரையும் தாண்டியது. ஒரு கட்டத்தில் அக்கம்பனியின் சந்தைப் பெறுமதி ஆறு பில்லியன் டொலருக்கும் மேலாகக் கணிக்கப்பட்டது. யூலை 11ஆம் திகதி ஆணைக்குழு வணிகத்தை நிறுத்தியது.

இத்தகைய சூழ்ச்சி பழையது. பெருந்தொகைப் பங்கை மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, புகழ்மொழி பரப்பி விலையை ஏற்றி, ஏறிய விலையில் ஏமாந்தவரிடம் விற்றுவிட்டு விலகுதலே அதன் சாரம். 1934இல் பிணையங்கள் பரிவர்த்தனைச் சட்டம் இயற்றப்பட்டு ஆணைக்குழு அமைக்கப்பட்டமைக்கு 1920களில் நிலவிய இத்தகைய கூட்டுச் சூழ்ச்சிகளும் ஒரு காரணமாம். அவ்வாணைக்குழுவின் முதற் தலைவராக நியமனம் பெற்ற ஜோசெப் கென்னடி, முன்னர் அவ்வகைக் கூட்டுகளிற் பங்குகொண்டவர் என்பது வரலாற்றின் சுவையான முரண். 1980களில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் சதப் பங்கு வணிகத்துக்குப் பேர்போனது. அக்காலத்து முறைகேடுகளைத் தடுக்கவே 1990இல் சதப் பங்குச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டம் வந்த பின்னும் நியூயோர்க்கை அடுத்த லோங் ஐலண்டில் 'ஸ்ரற்றன் ஓக்மொன்ற்' என்னும் தரகு நிலையம் தொலைபேசி வழியாக மலிவுப் பங்குகளை மக்கள் தலையிற் கட்டி வந்தது. 1996இல் அது தரகர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. அதனை நடத்திய ஜோர்டான் பெல்போர்ட் 1999இற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இழந்தவர்களுக்கு ஏறத்தாழ 110 மில்லியன் டொலர் ஈடுசெய்யுமாறு அவர் பணிக்கப்பட்டார்.

இவ்வகைக் குற்றங்களிற் குற்றவாளி இருக்கின்றான், பொய் இருக்கின்றது, ஏமாந்தவனும் இருக்கின்றான். எனவே மக்கள் மனமும் சட்டமும் இவற்றை எளிதில் விளங்கிக்கொள்கின்றன. சதப் பங்கின் விலை சரியும்பொழுதெல்லாம் எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு யாரோ சதி செய்கின்றனர் எனப் பங்குதாரர் ஐயுறுவதும் இப்பழக்கத்தினாலேயே. ஆனால் பொய் சொல்லாமல், ஒளிந்திருக்காமல், இரு தரப்பினரும் ஒப்பமிட்ட பத்திரமொன்றின் பலத்தினால் மட்டுமே ஒரு கம்பனியின் பங்குதாரர்கள் உடைமை இழந்து போகும் வழி ஒன்றுண்டு. அதற்கு நச்சு நிதியீட்டம் என்றும் மரணச் சுழற் கடன் என்றும் பெயரிட்டுள்ளனர்.

அதன் தொடக்கம் பணமுடையில் இருக்கின்றது. வருமானமில்லாத சிறு கம்பனிக்கு வங்கி கடன் கொடாது. பெரிய முதலீட்டாளர் திரும்பியும் பாரார். அந்நிலையில் ஒரு கடன்காரர் வருகின்றார். அவர் ஈடு கேட்பதில்லை, பிணை கேட்பதில்லை. கொடுத்த பணத்தை வேண்டியபொழுது கம்பனியின் பங்காக மாற்றிக்கொள்ளும் உரிமையை மட்டும் கேட்கின்றார். இத்தகைய மாற்றத்தகு கடன் பத்திரம் தன்னளவிற் குற்றமுடையதன்று. பெரிய கம்பனிகளும் அதனை வழங்குவதுண்டு. ஆனால் அவற்றின் பத்திரங்களில் மாற்று விலை முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். இன்று 10 சதத்துக்கு விற்கும் பங்கை 12 சதவீதக் கழிவிலோ வேறெந்தக் கழிவிலோ அல்லாமல், பங்கொன்று 12 சதம் என்ற நிலையான கணக்கில் மாற்றலாம் என எழுதியிருந்தால், பங்கு விலை 12 சதத்துக்கு மேல் ஏறினாலன்றிக் கடன்காரருக்கு அவ்வுரிமையால் ஆதாயமில்லை. கம்பனி வாழ்ந்தால் அவரும் வாழ்வார். நச்சுப் பத்திரத்தில் அவ்வாறு விலை குறிக்கப்படுவதில்லை. மாற்றும் நாளில் நிலவும் சந்தை விலையிலிருந்து ஒரு கழிவு கொடுக்கப்படும் என்று மட்டுமே அதில் எழுதப்படுகின்றது. நஞ்சு முழுவதும் அந்த ஒரு வரியிற் தங்கியுள்ளது.

அதனைக் கணக்கிட்டு நோக்குதல் தகும். ஒரு கம்பனிக்கு 100 மில்லியன் பங்குகள் உள எனவும், பங்கொன்றின் விலை 10 சதம் எனவும் கொள்க. அது 100,000 டொலர் கடன் பெறுகின்றது. மாற்றும் நாளுக்கு முந்திய 20 வணிக நாட்களில் நிலவிய மிகக் குறைந்த விலையின் 60 வீதமே மாற்று விலை எனப் பத்திரம் சொல்கின்றது. விலை 10 சதமாகவே இருந்தால் மாற்று விலை 6 சதம். கடன் முழுவதற்கும் ஈடாகக் கடன்காரர் பெறுவது ஏறத்தாழ 1.67 மில்லியன் பங்குகள். விலை 1 சதமாக விழுந்தால் அவர் பெறுவது 16.7 மில்லியன். சதத்தின் பத்திலொரு பகுதியாக விழுந்தால் 167 மில்லியன். இனி அவருக்குக் கிடைத்த பங்குகளின் சந்தைப் பெறுமதியைப் பார்த்தால், மூன்று நிலையிலும் அது ஏறத்தாழ 167,000 டொலரேயாகும். விலை எவ்வளவு விழுந்தாலும் அவர் பங்கு விழுவதில்லை. பழைய பங்குதாரர்களின் நிலையோ வேறு. முதல் நிலையில் அவர்கள் கையில் கம்பனியின் 98 வீதம் எஞ்சுகின்றது. இரண்டாம் நிலையில் 86 வீதம் எஞ்சுகின்றது. மூன்றாம் நிலையில் எஞ்சுவது 37.5 வீதமே. இவையெல்லாம் ஒரேயொரு கடனின் விளைவு. இத்தகைய கம்பனிகள் ஒரு கடனோடு நிற்பதில்லை.

விலை தானாக விழவேண்டும் என்றுமில்லை. கடன்காரர் தாம் பெற்ற பங்குகளைச் சந்தையிற் கொட்டும்பொழுது, வாங்குவோர் சிலரேயான அச்சிறு சந்தையில் விலை இறங்குகின்றது. இறங்கிய விலை அடுத்த மாற்றுக்கு அளவுகோலாகின்றது. அதனால் அடுத்த முறை இன்னும் கூடுதலான பங்குகள் பிறக்கின்றன; அவை விற்கப்பட விலை இன்னும் இறங்குகின்றது. அவர் கடன் முழுவதையும் ஒரே முறையில் மாற்றுவதுமில்லை. எந்த வேளையிலும் கம்பனியின் பங்குகளில் 4.99 வீதத்துக்கு மேல் அவர் கையில் இருத்தலாகாது என்றொரு வரம்பு பல பத்திரங்களிற் காணப்படும். பார்வைக்கு இது கம்பனியைக் காக்கும் வேலி போலத் தோன்றும். உண்மையில் 5 வீதத்துக்கு மேல் வைத்திருப்பவர் தம்மைப் பகிரங்கமாக அறிவித்தல் வேண்டும் என்னும் விதியைத் தாண்டாதிருத்தற்கே அது பயன்படுகின்றது. மாற்றுவதும் விற்பதும், மீண்டும் மாற்றுவதும் மீண்டும் விற்பதுமாக அந்த வரம்புக்குள் நின்றே நூறு மில்லியன் பங்குகளையும் அவர் கடத்திவிட முடியும்.

காலக்கணக்கும் இதற்கு உடந்தையாகின்றது. பதிவு செய்யாது தனிப்பட விற்கப்பட்ட பங்கை வாங்கியவர் அதனை உடனே சந்தையில் விற்க முடியாது. சிறிது காலம் வைத்திருத்தல் வேண்டும். அக்காலம் 1997 வரை இரண்டு ஆண்டாக இருந்தது, பின் ஓராண்டாயிற்று, 2008 முதல், ஒழுங்காகக் கணக்கு வெளியிடும் கம்பனிகளைப் பொறுத்தவரை ஆறு மாதமாயிற்று. பங்காக மாற்றிய நாளிலிருந்தன்றி, கடன் கொடுத்த நாளிலிருந்தே அந்த ஆறு மாதமும் எண்ணப்படுகின்றது. எனவே ஆறு மாதம் கழிந்த மறுநாள் மாற்றி, மாற்றிய கையோடு விற்றுவிடலாம். அதற்கு முன் கடனை அடைத்துத் தப்பிக் கொள்ளக் கம்பனிக்குப் பெரும்பாலும் இடமுண்டு. ஆனால் அதற்கென ஒரு மேலதிகத் தொகையும் கட்டவேண்டும். அப்பணம் கம்பனியிடம் ஏது? இன்னொரு கடன்காரரிடம் இன்னொரு நச்சுப் பத்திரம் எழுதிக் கொடுத்தே முதற் பத்திரத்தை அடைக்கின்றனர். தவணை தவறினாலோ வட்டி ஏறும், முதலே பெருகும். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாகவே அது முடிகின்றது.

அச்சிடத்தக்க பங்குகளுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. அதனைக் கம்பனியின் யாப்பு விதிக்கின்றது. ஆயின் இத்தகைய கம்பனிகள் பலவற்றில், தலைமை நிருவாகி தம் வசம் சிறப்பு வாக்குரிமை கொண்ட ஒருவகை முன்னுரிமைப் பங்கை வைத்திருப்பார். சாதாரண பங்குதாரர் ஆயிரவர் கூடினாலும் அவர் ஒருவரின் வாக்கை வெல்ல முடியாது. அவர் ஒப்பமிட்டால் வரம்பு உயரும். விலை மிகக் கீழே போனபின் ஆயிரம் பழைய பங்குகளை ஒரு புதிய பங்காகச் சேர்த்து எண்ணும் ஏற்பாடு வரும். திரையில் விலை திடீரென உயர்ந்ததாகத் தோன்றும். பங்குதாரரின் கையிருப்போ ஆயிரத்திலொன்றாய்ச் சுருங்கியிருக்கும். பின்னர் பழைய சுழல் புதிய எண்களோடு மறுபடியும் தொடங்கும். இதற்கிடையில் நிருவாகியின் சம்பளம் மட்டும் தவறாது போய்க்கொண்டிருக்கும். கடன் வந்தமையாற் கம்பனி உயிரோடிருந்தது. கம்பனி உயிரோடிருந்தமையாற் சம்பளம் வந்தது. சம்பளத்தை உண்மையிற் செலுத்தியவர்கள் யாரெனில், தம் பாகம் தேய்வதை அறியாதிருந்த பங்காளிகளே.

புகழ்மொழிச் சூழ்ச்சியும் நச்சுக் கடனும் தனித்தனியே இயங்குவன அல்ல என்பதும் ஈண்டு அவதானிக்கத்தக்கது. பெருந்தொகைப் பங்கை விற்க வாங்குவோர் வேண்டும். வாங்குவோரைத் திரட்டச் செய்தி வேண்டும். ஆதலால் மாற்றுக் காலம் நெருங்கும் வேளையிற் புதிய ஒப்பந்தம், புதிய கண்டுபிடிப்பு, புதிய பங்காளித்துவம் என்றவாறு அறிவித்தல்கள் அடுக்கடுக்காய் வெளிவருவதுண்டு. முன்னர் தொலைபேசியும் தபாலட்டையும் செய்த வேலையை இன்று சமூக ஊடகங்கள் விரைவாகச் செய்கின்றன. 2021 பெப்ரவரி 26ஆம் திகதி, ஐயத்துக்கிடமான சமூக ஊடகப் பரப்புரையையும் வணிகத்தையும் காரணங்காட்டி 15 கம்பனிகளின் பங்கு வணிகத்தை ஆணைக்குழு நிறுத்திவைத்தது. ஆர்வமிகுதியால் வாங்க வந்தவர்களே அங்கு சந்தையாகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் நடுவே சிறு பங்குதாரனின் மனநிலையை எண்ணுதல் வேண்டும். அவன் பேராசைக்காரன் என்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது, நீதியன்று. ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்த சில ஆயிரம் டொலரை, நோயொன்றுக்கு மருந்து காண முயலும் கம்பனி என நம்பி இட்டவர்களும் இச்சந்தையில் உளர். விலை பாதியாகும்பொழுது அவன் விற்பதில்லை. மலிவாகக் கிடைக்கின்றது எனக் கருதி மேலும் வாங்குகின்றான். அவ்வாறு வாங்குந்தோறும் கம்பனியின் மேல் அவன் கொண்ட பற்று இறுகுகின்றது. நம்பிக்கை இட்டவனுக்கு அந்நம்பிக்கை பிழையென ஒப்புதல், பணத்தை இழப்பதிலும் கடினமானது. ஆதலால் அவன் கம்பனிக்கு வெளியே பகைவனைத் தேடுகின்றான். குறும் விற்பனையாளர் என்னும் பெயர் அவனுக்கு அகப்படுகின்றது. பங்கை இரவல் வாங்கி விற்று, விலை விழுந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்து ஆதாயம் காண்பவர் அவர். இரவலுங்கூட வாங்காது இல்லாத பங்கை விற்பவரும் உளர் என்ற செய்தி அவன் ஐயத்தை உறுதிப்படுத்துகின்றது. நிருவாகியும் தம் அறிக்கைகளில் அதே பகைவனையே சுட்டிக்காட்டுகின்றார். தாம் ஒப்பமிட்ட பத்திரத்தைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

இவ்வையம் முற்றிலும் பொய்யென்று கூறுதற்கில்லை. இல்லாத பங்கை விற்று உரிய நாளிற் கொடாதுவிடும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தவே 2005 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் ஆக்கப்பட்டன. நச்சுப் பத்திரத்தை வைத்திருப்பவரே குறும் விற்பனை செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கும் உண்டு. பென்சில்வேனியாவைச் சேர்ந்த 'செடோனா' என்னும் மென்பொருட் கம்பனி 2000இல் 2.5 மில்லியன் டொலர் பெறுமதியான மாற்றத்தகு பத்திரமொன்றை விற்றது. பத்திரம் நிலுவையிலுள்ளவரை குறும் விற்பனை செய்தலாகாது என ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. பத்திரத்தை வாங்கிய நிறுவனத்தின் சார்பில் 'ரைனோ' என்னும் ஆலோசனை நிலையம் பெருமளவு குறும் விற்பனை செய்து விலையை அமுக்கியதாகவும், அவ்வாறு அமுங்கிய விலையிற் பத்திரம் பங்காக மாற்றப்பட்டதாகவும் ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2003 பெப்ரவரியில், குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும், அந்நிலையம் ஒரு மில்லியன் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. விலை விழுந்தாற் கூடுதலான பங்கு கிடைக்கும் என்று எழுதிக்கொடுத்த பின், விலை விழவேண்டும் என அவாவுபவர் தோன்றுவது வியப்பன்று என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று.

ஆயினும் எல்லா வீழ்ச்சிக்கும் சதியே காரணம் எனக் கொள்ளுதல் உண்மைக்குப் புறம்பாம். சாதாரண வாடிக்கையாளன் 5 டொலரிலும் குறைந்த பங்கைக் குறும் விற்பனை செய்யவேண்டுமாயின், பங்கொன்றுக்குக் குறைந்தது 2.50 டொலர் கணக்கில் வைத்திருத்தல் வேண்டும் என்பது அமெரிக்கத் தரகர் விதி. ஒரு சதப் பங்கின் வீழ்ச்சியில் ஒரு சதம் ஆதாயம் தேட 250 சதத்தை முடக்குபவர் எத்தனைபேர்? கடன் பத்திரம் வைத்திருப்பவருக்கோ அத்தொல்லையில்லை. அவர் இரவல் வாங்கவேண்டியதில்லை, ஒளியவேண்டியதில்லை, புதிய பங்குகளைக் கம்பனியே அச்சிட்டுக் கொடுக்கின்றது. திரையில் இரண்டும் ஒரே மாதிரியான வீழ்ச்சியாகவே தோன்றும். சதியாற் சரிந்ததா, கணக்காற் சரிந்ததா என்பதை விலைக்கோட்டைப் பார்த்துச் சொல்லுதல் இயலாது.

நிதியியல் ஆய்வாளர்களும் இச்சிக்கலை எதிர்நோக்கினர். பியேர் ஹில்லியன், தியோ வெர்மாலன் என்னும் இருவர் 1990களில் வழங்கப்பட்ட இத்தகைய பத்திரங்களை ஆராய்ந்து 2004இற் கட்டுரையொன்றை வெளியிட்டனர். பத்திரம் வழங்கிய பின் அக்கம்பனிகளின் பங்கு விலை பெரும்பாலும் சரிந்தமையை அவர்கள் கண்டனர். அங்கு எழுந்த வினா யாதெனில், நோயுற்ற கம்பனிகளே இறுதிப் புகலிடமாக நஞ்சை நாடினவா, அன்றி நஞ்சு உட்கொண்டமையாலேயே அவை நோயுற்றனவா என்பதாகும். பத்திரத்தின் அமைப்பே குறும் விற்பனையைத் தூண்டத்தக்கது என்பதை அவர்கள் எடுத்துக்காட்டினர். எனினும் அவ்வினா தனித்தனிக் கம்பனியைப் பொறுத்தவரை எளிதில் முடிவுறுவதன்று. இறந்தவன் நோயால் இறந்தானா மருந்தால் இறந்தானா என்று கேட்கும் வழக்கைப் போன்றது அது.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கியுள்ளது? பொய்யையும் மறைவையும் தண்டிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பொய்யுமின்றி மறைவுமின்றி நடைபெறும் இவ்வழிவைத் தண்டிக்க அதற்கு நேரான சொல் இல்லை. ஆகவே ஆணைக்குழு சுற்றுவழி ஒன்றை நாடியது. இத்தகைய பத்திரங்களை ஏராளமாக வாங்கி, பங்காக்கி விற்பதையே தொழிலாகக் கொண்டோர் பிணைய வணிகராகப் பதிவு செய்திருத்தல் வேண்டும். பதிவின்றி அவ்வாறு செய்தமை குற்றம் என வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்வாதத்தை ஏற்றது. ஆனால் அதே ஆண்டு பெப்ரவரியில் வணிகர் என்னும் சொல்லின் பொருளை விரித்து ஆணைக்குழு ஆக்கிய விதியை, நவம்பரில் ரெக்சாஸ் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றமொன்று செல்லாது என்றது. அதற்கு முன்னரே, 2020 டிசெம்பரில், ஆறு மாதக் காலத்தைக் கடன் கொடுத்த நாளிலிருந்தன்றிப் பங்காக மாற்றிய நாளிலிருந்து எண்ணவேண்டும் என ஆணைக்குழு ஒரு திருத்தத்தை முன்மொழிந்திருந்தது. 2022இல் அம்முன்மொழிவின் வேறு பகுதிகள் ஏற்கப்பட்டபொழுது இப்பகுதி ஏற்கப்படவில்லை. வழக்குகளில் வென்றபோதும் குற்றம் பதிவின்மையேயன்றி அழிவன்று. கத்தியாற் குத்தியவனிடம் கத்திக்கு அனுமதிப்பத்திரம் எங்கே என்று கேட்டதை ஒத்தது அது. கேள்வி பயனுள்ளதே; ஆனால் காயத்தைப் பற்றியதன்று.

கடன்காரர் தரப்பிலும் நியாயம் சொல்லப்படுகின்றது. வங்கி கைவிட்ட கம்பனிக்கு வேறு யார் பணம் கொடுப்பர்? கொடுத்த பணம் முழுவதும் திரும்பாமற் போகும் ஆபத்தை ஏற்றவருக்கு ஆதாயம் கூடாதா? முதிர்ந்த மனிதர் இருவர் மனமொப்பி எழுதிய பத்திரத்தில் மூன்றாமவருக்கு என்ன வேலை? இவ்வாதத்தின் முதற் பகுதி புறக்கணிக்கத்தக்கதன்று. இக்கடனாற் பிழைத்து, பின்னர் அதனை அடைத்து நிமிர்ந்த கம்பனியும் இருக்கக்கூடும். ஆனால் இறுதிப் பகுதியிலே ஒரு பிழை மறைந்திருக்கின்றது. ஒப்பந்தம் செய்தவர் இருவர். அதற்கு விலை கொடுத்தவர் மூன்றாமவர். நிருவாகி ஒப்பமிட்டார், கடன்காரர் ஒப்பமிட்டார், யாருடைய உடைமை துண்டாடப்பட்டதோ அவரிடம் ஒப்பம் கேட்கப்படவில்லை. காணி விடயத்திற் பங்காளி ஒருவன் மற்றவர் பாகத்தையும் சேர்த்து ஈடுவைத்தால் ஊர் அதனை மனமொப்பிய ஒப்பந்தம் என்று சொல்லாது.

இதற்கு மாறாக ஒன்று சொல்லப்படலாம். இப்பத்திரங்கள் இரகசியமானவை அல்ல. கணக்கு வெளியிடும் கம்பனிகள் காலாண்டுதோறும் ஆணைக்குழுவுக்கு அளிக்கும் அறிக்கைகளில் அவை குறிப்பிடப்படுகின்றன. பத்திரத்தின் முழு வாசகமும் பின்னிணைப்பாக இணைக்கப்படுவதுண்டு. எவரும் கட்டணமின்றி அவற்றைப் பார்க்கலாம். உண்மை. ஆயினும் பார்க்கக் கிடைத்தலும் விளங்குதலும் ஒன்றல்ல. மாற்று விலை பற்றிய வரி, பல பக்கச் சட்டமொழியினிடையே, கணக்குக் குறிப்புகளின் ஆழத்திற் கிடக்கின்றது. அதனை எழுதியவர் சட்டம் பயின்றவர். வாசிக்கவேண்டியவர் அன்றாட வேலையின் களைப்போடு திரைமுன் இருப்பவர். ஆழமறியாமற் காலை விட்டான் என்று அவரைப் பழித்தல் எளிது. ஆனால் ஆழம் ஆங்காங்கே எழுதப்பட்டிருந்தும், எழுத்து நீருக்கு அடியில் இருந்ததென்பதையும் கூறுதல் வேண்டும்.

ஆயினும் வாசிக்கக் கற்றுக்கொள்பவருக்குச் சில வழிகள் உள. பங்கின் விலையைக் காட்டிலும் பங்குகளின் தொகையைக் கவனித்தல் முதலாவது. சென்ற ஆண்டு 100 மில்லியனாக இருந்தது இவ்வாண்டு 900 மில்லியனாயின், வீழ்ச்சிக்கு வெளியே காரணம் தேடவேண்டியதில்லை. 'மாற்றத்தகு' என்ற சொல் வருமிடமெல்லாம் மாற்று விலை நிலையானதா, சந்தையோடு இறங்குவதா என்று பார்த்தல் இரண்டாவது. பழைய கடன் எதைக்கொண்டு அடைக்கப்பட்டது என்று கேட்டல் மூன்றாவது. மகிழ்ச்சியான அறிவித்தல் வெளிவந்த வாரத்திற் புதிதாய்ப் பிறந்த பங்குகள் எத்தனை என்று நோக்குதல் நான்காவது. இவற்றுக்கு நிதியியற் பட்டம் வேண்டியதில்லை. கூட்டலும் வகுத்தலும் போதும்.

இத்தகைய வாசிப்பினாற் பணம் தப்பும் என்பது மட்டுமன்று பயன். யாரிடம் கணக்குக் கேட்பது என்பதும் தெளிவாகின்றது. கண்ணுக்குத் தெரியாத பகைவனை நோக்கிச் சினப்பவன், கண்ணெதிரே ஒப்பமிட்டவனை விட்டுவிடுகின்றான். சதியென்னும் ஐயம் சிலவேளை உண்மையாகலாம். அதனை விசாரிக்க ஆணைக்குழுவும் நீதிமன்றமும் உள. ஆனால் பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பது ஐயமன்று, அது நிச்சயம். நிருவாகி ஏன் அதற்கு உடன்பட்டார், பெற்ற பணம் எங்கே சென்றது, பங்குதாரரை ஏன் கேட்கவில்லை என்ற வினாக்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர் பெயர் அறிக்கையின் அடியிலேயே அச்சாகியிருக்கின்றது. அவ்வினாக்களைப் பங்குதாரர் ஒருங்கே கேட்கத் தொடங்கும்வரை, சட்டம் ஒரு வாயிலை மூடினாலும் அப்பத்திரம் வேறொரு வாயிலால் உள்ளே வந்துகொண்டேயிருக்கும்.